முன்மொழிந்தவர்

இடக்கை எளிதில் நுழைந்துவிட்டது. வலக்கைதான் சட்டைக்குள் போக மறுத்தது. மகன் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, மளிகைக்கடைக்காரர் முழங்கையை மடக்கிப் பார்த்தார். அது மடங்கவில்லை.

"மெதுவா மாமா, வலிக்கப் போகுது" என்று சொன்ன மகன், சொன்னதைத் தானே கேட்டுத் திகைத்து நின்றான்.

"குடு இங்க" என்று அவன் தாய் சட்டையை வாங்கிக்கொண்டாள். சட்டைக்கையின் முனை வழியாகத் தன் கையை உள்ளே விட்டு, கணவரின் விரல்களைப் பற்றிக்கொண்டு, சட்டையை அவர் தோள்வரை ஏற்றிவிட்டாள். பிள்ளை சிறுவனாக இருந்தபோது அவனுக்குச் சட்டை மாட்டிய முறை அது. கை வெளியே வந்துவிட்டது. பற்றிய விரல்களை விடுவதற்கு அவளுக்குச் சற்று நேரமாயிற்று.

"வேற சட்ட இல்லையாம்மா?" என்றான் மகன். "இது அந்தத் தையக்காரன் தச்சதுதானே?"

"எல்லாமே அவர் தச்சதுதான்" என்றாள் அவள்.

இறந்துபோனவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். ஆயினும் ஊரில் ஒருவரும் அவரை நடத்துநர் என்று அழைத்ததில்லை. 'வேட்பாளர்' என்றே அழைத்தார்கள். தேர்தல் இல்லாத ஆண்டுகளிலும் அவர் வேட்பாளர்தான். வேட்பாளர் வீடு என்று கேட்டால் பால்காரர் வழி சொல்லுவார். மாநிலச் சட்டமன்றத்துக்கு நடந்த தேர்தல் ஒவ்வொன்றிலும் சுயேச்சையாக நின்றார், ஒவ்வொன்றிலும் தோற்றார். அவருடைய கோரிக்கை ஒன்றே ஒன்று. பேருந்து நிலையத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும். அதற்குக் கதவு வேண்டும். உள்ளே தண்ணீர் வேண்டும். வெளியே பூட்டுத் தொங்கக் கூடாது. நெடுந்தொலைவுப் பேருந்துகளில் காலமெல்லாம் பயணச்சீட்டுக் கிழித்தவருக்கு, கடும் வெயிலிலும் எந்தப் பெண் எதற்காகத் தண்ணீர் குடிக்காமல் வருகிறாள் என்பது தெரிந்திருந்தது. அதைத் துண்டறிக்கையாக அச்சடித்து வீடுவீடாகக் கொடுத்தார். ஊர் சிரித்தது. 'கக்கூஸ் கட்சி' என்று பெயர் சூட்டியது. சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று, சிரித்தவர்களுள் படித்தவர்கள்கூட ஒரு கணம் நின்று எண்ணிப் பார்த்ததில்லை. அவர்கள் வீட்டுப் பெண்களும் அதே பேருந்துகளில்தான் போய்வந்தார்கள்.

அவர் சிரித்தவர்களோடு சேர்ந்து சிரித்துவிடுவார். சுயேச்சைகளுக்கு மற்றவர்கள் வேண்டாமென ஒதுக்கிய சின்னங்களே வாய்க்கும். "என்ன வேட்பாளரே, இந்தத் தடவ வாளியா ஏணியா?" என்று கடைத்தெருவில் யாராவது சீண்டினால், "போன தடவ வாளி குடுத்தாங்க. இந்தத் தடவ தண்ணி குடுக்கறாங்களான்னு பாப்போம்" என்பார். நடத்துநராக இருந்தவர் ஆசைப்பட்டது விசில் சின்னத்துக்கு. அது ஒவ்வொரு முறையும் வேறு யாருக்காவது போய்விடும். இந்தத் தேர்தலில் அதை யாரும் கேட்கவில்லை என்று தெரிந்த அன்று, அவர் சமையலறை வாசலில் வந்து நின்று, வாயால் ஒருமுறை விசில் அடித்துக் காட்டினார்.

அந்தச் சின்னம் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் பெயர் வாக்குச்சீட்டிலேயே ஏறவில்லை.

சுயேச்சையாக நிற்பவரைத் தொகுதியின் வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்திட்டு முன்மொழிய வேண்டும். ஒருவர் குறைந்தாலும் வேட்புமனு செல்லாது. முதல் தேர்தலிலிருந்தே அவரை முன்மொழிந்தவர்களில் முதல் கையெழுத்து, கடைத்தெருத் தையற்காரருடையது. இருவரும் உடன்பிறவாத அண்ணன் தம்பி. மாலைதோறும் தையற்கடைப் பலகையில்தான் வேட்பாளரின் அரசியல் நடக்கும். இந்தமுறை மனுக்களைச் சரிபார்த்த நாளில், அந்தத் தையற்காரர் தேர்தல் அலுவலர் முன்னால் போய் நின்று, "அது என் கையெழுத்து இல்லைங்க" என்று சொன்னார். மனு தள்ளுபடியாயிற்று. புதிய மனு கொடுக்கும் நாளும் கடந்துவிட்டிருந்தது.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த ஊருக்கு அன்றைக்குத் திடீரென்று நியாயம் பிறந்தது. ஆளுங்கட்சி தையற்காரரை விலைக்கு வாங்கிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். யாரோ கடைக் கதவில் சுண்ணாம்பால் 'விலை போனவன்' என்று எழுதினார்கள். மளிகைக்கடைக்காரர் தம் பேரப்பிள்ளைகளின் பள்ளிச் சீருடைத் துணியைத் தைக்காமலே திருப்பி வாங்கிக்கொண்டார். தையற்காரர் ஒருவருக்கும் மறுமொழி சொல்லவில்லை.

சொல்லியிருந்தால், அவள் பெயரைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இப்போது வாசலில் ஏதோ பேச்சு உயர்ந்தது. மகன் எட்டிப் பார்த்து, முகம் சிவக்க வெளியே போனான். அவள் சன்னலருகே சென்றாள். வாடகைக்கு வந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தாண்டி, வாயிற்கதவுக்கு அப்பால் தையற்காரர் நின்றிருந்தார். செய்தி கேட்டவுடன் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். கழுத்தில் அளவுநாடா தொங்கியது.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தீங்க? கெளம்புங்க" என்றான் மகன்.

"ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன் தம்பி."

"பாக்க என்ன இருக்கு? பண்ணது பத்தாதா?"

மளிகைக்கடைக்காரரும் பின்னால் போய் நின்றுகொண்டார். "கையெழுத்து என்னுது இல்லன்னு சொன்ன வாயி, செத்தவர் மட்டும் என் அண்ணன்னு சொல்லுதாக்கும்! போய்யா, போய் மிஷின ஓட்டு."

நாற்காலிகளில் இருந்தவர்களில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். தையற்காரர் தெருவைக் கடந்து, எதிர்ப்புறத்து மின்கம்பத்தின் அருகே போய் நின்றார். நிழலில்லாத இடம். அங்கிருந்து அவர் கூரையைப் பார்த்தார்; நாற்காலிகளைப் பார்த்தார்; தம் கால்களைப் பார்த்தார். சன்னலை மட்டும் பார்க்கவில்லை. அவர் பார்த்திருந்தால்கூட அவளால் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும்.

அப்படிச் சொல்லும்படி அவள்தான் போய்க் கேட்டாள். தேர்தல் அறிவித்த வாரத்தில் மருத்துவர் கணவருடைய மார்பைச் சோதித்துவிட்டு, "வெயில்ல அலையறத விட்டுடணும். படியேறவே கூடாது. காலையிலயும் சாயங்காலமும் மெதுவா நடந்தாப் போதும்" என்று சொல்லியிருந்தார். அவர் தலையாட்டிவிட்டு, திரும்பி வரும் வழியிலேயே அச்சகத்துக்குள் நுழைந்தார். அவள் கெஞ்சினாள், அழுதாள், பேசாமல் இருந்து பார்த்தாள். "நாற்காலில உக்காந்தே சாகச் சொல்றியா?" என்று சிரித்தார். அதன் பிறகுதான் ஒரு நண்பகலில், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து, அவள் தையற்காரரிடம் போனாள்.

"அண்ணி, அவரு அப்புறம் என் மூஞ்சில முழிக்க மாட்டாரு" என்றார் அவர்.

"உசுரோட இருந்தா என்னைக்காவது ஒரு நாள் முழிப்பாரு."

அவர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். எதையும் வெட்டாமல் கீழே வைத்தார். "நீங்க முன்னாடியே கையெழுத்து வேணாம்னு சொல்லியிருந்தா போடாமலே இருந்திருப்பேனே. போட்டதுக்கப்புறம் வந்து..."

"போடலன்னா வேற ஆளப் புடிப்பாரு. இப்பன்னா யாரையும் புடிக்க முடியாது."

இவ்வளவையும் கணக்கிட்டுத்தான் வந்திருந்தாள். சட்டம் தெரிந்த கணவரோடு அத்தனை தேர்தல்களில் வாழ்ந்தவள் அவள். "தேர்தல் முடிஞ்ச மறுநாளே நானே அவர்கிட்ட சொல்லிடறேன்" என்று வாக்குக் கொடுத்தாள். தையற்காரர் கத்தரிக்கோலை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். பிறகு, "சொல்லிடுங்க அண்ணி. மறந்துடாதீங்க" என்றார்.

மனு தள்ளுபடியானபின் கணவர் வெயிலில் அலையவில்லை. எங்குமே போகவில்லை. மருத்துவர் நடக்கச் சொன்ன காலை நடையும் மாலை நடையும்கூட நின்றுபோயின. கடைத்தெரு வழியாகத்தானே நடக்க வேண்டும்! கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். வாக்குப்பதிவு முடிந்தது. மறுநாள் சொல்லலாம் என்று எண்ணினாள். அன்று அவர் முகம் சரியில்லை. முடிவு வரட்டும் என்று எண்ணினாள்; முடிவும் வந்தது. தையற்கடை இருக்கும் பக்கம் போக வேண்டியிருந்தால் அவள் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

இன்று காலை அவர் முகம் மழித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பல நாள்களுக்குப் பிறகு முகம் தெளிவாக இருந்தது. அவள் தேநீரைக் கையில் கொடுத்தபோது, குற்றஞ்சாட்டும் குரலில் அல்லாமல், விடுகதைக்கு விடை கேட்பவர்போலக் கேட்டார்.

"அவன் ஏன் அப்படிச் சொன்னான்? எனக்குப் புரியவே இல்ல. காசுக்குச் சொல்ற ஆள் இல்ல அவன். உனக்கு ஏதாவது தோணுதா?"

உண்மையைச் சொல்லிவிட வாசல் அவளுக்காகத் திறந்து கிடந்தது. அவர் கோபப்படக்கூட மாட்டார் என்று அந்தக் கணத்தில் அவளுக்குத் தோன்றியது. "யாரு மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? டீ ஆறுது, குடிங்க" என்றாள்.

உள்ளே போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தபோது, தேநீர் அவர் கையிலும் மடியிலும் கொட்டியிருந்தது. சூட்டுக்கு அவர் கையை உதறவில்லை.

தெருவில் ஒரு கார் வந்து நின்றது. வென்ற கட்சியின் நகரச் செயலாளர் இறங்கினார். அவருக்குப் பின்னால் இருவர் பெரிய மலர்வளையத்தைத் தூக்கி வந்தார்கள். அதில் வேட்பாளரின் பெயரைவிடச் சட்டமன்ற உறுப்பினரின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. உடலைக் கண்ணாடிக் குளிர்பெட்டிக்குள் வைத்து முடித்திருந்த நேரம். செயலாளர் வளையத்தைப் பெட்டியின்மேல் சாத்தினார். கூட வந்தவர் படம் எடுத்தார். படம் சரியாக விழவில்லை என்று இன்னொரு முறையும் சாத்தினார். மகன் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து, தோளிலிருந்த துண்டால் துடைத்துப் போட்டான்.

"நல்ல மனுஷன்மா" என்றார் செயலாளர், அவளை நோக்கி. "எங்களுக்கு எதிரா நின்னாலும் ஒரு நாளும் மரியாத கொறவாப் பேசினதில்ல. போன தேர்தல்ல மேடையில நான் அவரப் பத்தி ஒரு ஜோக்கு அடிச்சேன். கூட்டத்துல நின்னு அவரே கைதட்டினாருன்னாப் பாத்துக்குங்க!"

அன்று அவர் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டதை அவள் அறிவாள். நாற்காலியைத் துடைத்துப் போட்ட மகனும் அறிவான்.

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன். அந்தத் தையக்காரன் பின்னாடி எங்க ஆளு யாரும் இல்ல. ஊரே எங்களத்தான் சொல்லுது. சத்தியமா எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லம்மா."

அவர் அரசியலுக்கு வந்தபின் பேசிய சில உண்மைகளுள் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும். மளிகைக்கடைக்காரர் நம்பாமல் மூக்கால் சிரித்தார்.

"விடுங்க சார்" என்றான் மகன். "யாரு சொல்லிச் செஞ்சா என்ன? அப்பா கடைசி வரைக்கும் அதையே நெனச்சுக் குமுறிக்கிட்டிருந்தாரு. நான் போன் பண்ணும்போதெல்லாம் அதத்தான் கேப்பாரு. ஏன்டா அப்படிச் சொன்னான், ஏன்டா அப்படிச் சொன்னான்னு. டாக்டர் நெஞ்சுன்னு எழுதுவாரு. எனக்குத் தெரியும். அவரக் கொன்னது அதோ கம்பத்துக்கிட்ட நிக்கிற ஆளு."

அவள் சன்னல் வழியே பார்த்தாள். தையற்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். வெயில் உச்சியிலிருந்து சற்றுச் சாய்ந்திருந்தது. கம்பத்தின் நிழல் ஒரு விரற்கடை அகலத்துக்கு அவர்மேல் விழுந்திருந்தது. அவர் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். அவர் போய்விட்டால் இன்றோடு எல்லாம் முடிந்துவிடும். நாளை ஊர் வேறு பேச்சுக்குப் போய்விடும். அவர் ஒருநாளும் வாய் திறக்க மாட்டார். திறக்க மாட்டார் என்பது அவளுக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. அந்த உறுதிதான் அவளை எழுந்து நிற்கச் செய்தது.

"அவர் யாரையும் கொல்லல" என்றாள்.

"நீ உக்காரும்மா."

"நான்தான் சொல்லச் சொன்னேன்."

"என்ன சொல்லச் சொன்ன?"

"கையெழுத்து என்னுது இல்லன்னு."

குளிர்பெட்டியின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது அதுவரை யாருக்கும் கேட்கவில்லை. இப்போது கேட்டது. செயலாளர் அனுதாபத்தோடு முன்னால் சாய்ந்து, "அம்மா அதிர்ச்சியில ஏதோ..." என்று தொடங்கினார்.

"அதிர்ச்சி இல்ல. நெனப்போடதான் பேசறேன்." அவள் மகனை மட்டும் பார்த்தாள். "வெயில்ல அலைஞ்சா தாங்காதுன்னு டாக்டர் சொன்னாரு. உங்கப்பா கேக்கல. நான் கடைக்குப் போய் இவர் கால்ல விழாத கொறையாக் கேட்டேன். மாட்டேன்னுதான் சொன்னாரு. நான் விடல."

மளிகைக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். "இத ஒரு வார்த்த எங்ககிட்ட..." என்று தொடங்கி, முடிக்காமல், தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மகன் அவளை நோக்கித் திரும்பினான். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவன் குரல் சிறுபிள்ளையுடையதைப்போல வந்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"கடைசி வரைக்கும்?"

"காலையில கேட்டாரு" என்றாள். "நான் சொல்லல."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். அறிமுகமில்லாத ஒருவர் பேருந்தில் அருகே வந்து உட்கார்ந்தால் நாம் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை. பிறகு கூடத்தைவிட்டு இறங்கி, வாயிற்கதவைத் திறந்துகொண்டு, தெருவைக் கடந்தான்.

அவர்கள் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. மகனின் முதுகு மட்டும் தெரிந்தது. தையற்காரர் வேண்டாம் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். மகன் ஏதோ சொன்னான். தையற்காரர் அப்போதுதான் முதன்முறையாகச் சன்னலை நிமிர்ந்து பார்த்தார். 'ஏன் சொன்னீங்க?' என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை; அதில் குறை இல்லை, கவலைதான் இருந்தது. மகன் அவர் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துவந்தான். நாற்காலிகளில் இருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். அவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. செயலாளரின் ஆள் மட்டும் வாசற்படியில் நின்று ஒருவரிடம் காதோடு சொல்லத் தொடங்கியிருந்தான். மாலைக்குள் ஊர் முழுவதும் போய்விடும்.

தையற்காரர் பெட்டியருகே நின்றார். அழவில்லை. மலர்வளையம் முகத்தை மறைத்தது. அதைச் சற்று நகர்த்திக் கால்பக்கமாக வைத்தார். தையற்காரர் குனிந்து, கண்ணாடியில் தம் மூச்சு படிந்ததைப் புறங்கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றார் ஒருமுறை. அவ்வளவுதான்.

அவளிடம் அவர் ஒன்றும் பேசவில்லை. அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய சொற்களெல்லாம் காலையில் அந்த நாற்காலியில் இருந்தவருக்கு உரியவை; மிச்சம் எதுவும் அவளிடம் இல்லை.

சற்று நேரத்தில் மயானத்துக்குக் கொண்டுபோகும் வண்டி வந்தது. பின்பக்கம் திறந்த நீண்ட வண்டி. நடுவில் பெட்டி வைக்கும் தட்டு, இரு பக்கமும் பலகை இருக்கைகள். ஏறுவதற்குப் பின்புறம் ஓர் இரும்புப் படியும் கைப்பிடிக் கம்பியும் இருந்தன. பெட்டியை ஏற்றினார்கள். செயலாளர் தம் காருக்குப் போனார். மளிகைக்கடைக்காரர் ஏறி ஓரமாக உட்கார்ந்தார்.

மகன் மேலே நின்றுகொண்டு கையை நீட்டினான். "ஏறுங்க சித்தப்பா" என்றான். சிறுவயதில் தையற்கடைப் பலகையில் உட்கார்ந்து பித்தான்களை அடுக்கி விளையாடியபோது அழைத்த அதே முறை. தையற்காரர் தயங்கி, அவளைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணி மொதல்ல..." என்றார்.

"நீங்க ஏறுங்க" என்றான் மகன்.

அவர் அந்தக் கையைப் பற்றி ஏறினார். மகன் அவரைத் தந்தையின் தலைமாட்டருகே உட்காரவைத்து, தானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முன்புறம் ஓட்டுநரின் முதுகை நோக்கித் திரும்பிக்கொண்டான். மூவரும் ஒரே பக்கம் இருந்தார்கள்; எதிர்ப்பலகை முழுவதும் வெறுமையாக இருந்தது.

அவள் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, காலைப் படியில் வைத்து, மறுகையால் கம்பியைப் பற்றினாள். நண்பகலெல்லாம் வெயிலில் ஓடிவந்த வண்டி அது. கம்பி கொதித்தது. ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் அந்தக் கையை எடுக்கவில்லை.